சந்திரசேனனாக வந்த ஹாம்லெட்: புணேயின் ஆங்கில வகுப்பறையும் செவ்விலக்கிய வாசிப்பும்

பதினைந்து வயது மாணவர் ஒருவர், தம் மொழியல்லாத மொழியில், தமக்குச் சில நூற்றாண்டுகள் முன்னர் எழுதப்பட்ட ஒரு படைப்பை எப்படி விரும்பிப் படிக்க முடியும்? ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இக்கேள்வி இன்றும் புதிய சிக்கல் போலவே எழுப்பப்படுகிறது. புணே நகரத்திலோ அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அங்கே மூன்று விடைகள் முயன்று பார்க்கப்பட்டன: ஒன்று உரைக்குறிப்பு, மற்றொன்று தாய்மொழி ஆக்கம், மூன்றாவது மேடை. இம்மூன்றுக்கும் வெளியே நின்றவர்கள் தாமாகக் கண்டடைந்த நான்காவது விடையும் ஒன்று உண்டு. இவை எவ்வாறு தோன்றின, எதைச் சாதித்தன, எங்கே நின்றுபோயின என்பதை வரிசையாகப் பார்ப்பது இன்றைய வகுப்பறைக்கும் உதவும்.

1. அரசுக் கல்லூரியும் உரைக்குறிப்பும்

பேஷ்வா ஆட்சி முடிந்த மூன்றாண்டுகளில், 1821இல், விஷ்ராம்பாக் வாடாவில் ஆங்கில அரசு ஒரு சமஸ்கிருதப் பாடசாலையைத் தொடங்கியது. பேஷ்வாக்கள் பண்டிதர்களுக்கு வழங்கிவந்த தட்சிணை நிதியே அதற்கு முதல். 1851இல் அது ஆங்கிலப் பள்ளியுடன் இணைந்து புணே கல்லூரி ஆயிற்று. 1864இல் டெக்கான் கல்லூரி என்ற பெயரைப் பெற்று, 1868இல் எரவாடாவில் எழுந்த புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. சாத்திரங்கள் பயின்ற இடத்தில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாவதற்கு அரை நூற்றாண்டு கூடத் தேவைப்படவில்லை.

ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் முறையான பாடமாகும் முன்பே இந்தியாவில் பாடமாகிவிட்டது என்பதையும், ஆட்சியின் தேவைகளுக்கும் அப்பாடத்துக்கும் இருந்த உறவையும் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கான சிறப்புப் பட்டப்படிப்பு 1894இல்தான் தொடங்கியது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. ஆகவே, இலக்கியத்தை இன்னொரு மொழியினருக்கு எப்படிக் கற்பிப்பது என்ற வினாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஆயத்தமான விடை எதுவும் வரவில்லை. புணேயின் ஆசிரியர்கள் அதைத் தாமே உருவாக்க வேண்டியிருந்தது.

அவ்வாசிரியர்களுள் இருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஒருவர் எட்வின் ஆர்னால்டு. 1861 வரை புணேயில் முதல்வராக இருந்தவர். கற்பிக்க வந்தவர் அங்கேயே சமஸ்கிருதம் கற்று, ஹிதோபதேசத்தை ஆங்கிலத்தில் தந்தார். பின்னாளில் அவர் எழுதிய ‘ஆசியாவின் ஒளி’ தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘ஆசிய ஜோதி’க்கு மூலம். புணேயில் மாணவரான ஓர் ஆசிரியரின் நூல் நாஞ்சில் நாட்டில் தமிழ்க் காவியமாயிற்று. மற்றவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் பேரன். தாத்தாவின் பெயரையே தாங்கிய வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் முதலில் புணேயிலும், பின்னர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார்.

ஆனால் பாடத்தின் போக்கைத் தீர்மானித்தது ஆசிரியரின் ஆளுமை மட்டுமன்று, தேர்வும்தான். தேர்வுக்கு ஏற்ற நூல்கள் தேவைப்பட்டன. டெக்கான் கல்லூரியின் எஃப். ஜி. செல்பி, பேக்கனின் கட்டுரைகளையும் பர்க்கின் பிரெஞ்சுப் புரட்சி குறித்த நூலையும் குறிப்புகளுடன் பதிப்பித்தார். மாக்மில்லன் நிறுவனம் 1880களின் இறுதியிலிருந்து இந்திய மாணவர்களை மனத்தில் கொண்டு வெளியிட்ட செவ்விலக்கிய வரிசையில் அவை இடம்பெற்றன. அதே வரிசையில் கே. டெய்டன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் நாடகங்கள் ஒவ்வொரு கடின வரிக்கும் பொழிப்புரை தந்தன. மூலத்தைவிடக் குறிப்புகள் நீண்டன.

இப்பதிப்புகளை இகழ்வது எளிது, ஆனால் நியாயமன்று. உரை என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பரிமேலழகரின்றித் திருக்குறளையும், நச்சினார்க்கினியரின்றிக் கலித்தொகையையும் பயின்ற தலைமுறைகள் குறைவு. உரை தன்னளவில் வாசிப்பைக் கொல்வதில்லை. மரபான பாடஞ்சொல்லும் முறையில் உரை ஓர் ஆசிரியரின் குரலோடு வந்தது. பாடல் முதலில் செவியில் விழுந்தது. ஐயம் எழுந்த இடத்தில் உரை தலைகாட்டியது. அச்சிட்ட குறிப்புநூலில் இவ்வரிசை தலைகீழானது. ஐயம் எழும் முன்பே விடை வந்து நின்றது. தேர்வில் வினவப்படுவதும் அவ்விடையே என்றானபோது, மூலத்தைப் படிக்காமலே தேறுவது இயலக்கூடிய செயலாயிற்று. இன்றைய ‘நோட்ஸ்’ பண்பாட்டின் வேர் மாணவரின் சோம்பலில் இல்லை. கேள்வியும் விடையும் ஒரே கட்டில் விற்பனைக்கு வந்த அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

2. இருபது வயது ஆசிரியர்கள்

1880 ஜனவரியில் புணேயில் ‘நியூ இங்கிலீஷ் ஸ்கூல்’ தொடங்கியது. அரசுப் பள்ளி ஆசிரியப் பணியைத் துறந்துவந்த விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கருக்கு அப்போது வயது 29. பால கங்காதர திலகருக்கு 23. மகாதேவ் பல்லால் நாம்ஜோஷி உடனிருந்தார். கோபால் கணேஷ் அகர்கரும் சமஸ்கிருத அறிஞர் வாமன் சிவராம் ஆப்தேயும் அடுத்தடுத்து இணைந்தனர். 1882இல் கல்வி ஆணையத்தின் தலைவராக வந்த வில்லியம் ஹண்டர் அப்பள்ளியைப் பாராட்டினார். 1884இல் டெக்கான் கல்விக் கழகமும், 1885 ஜனவரியில் ஃபெர்குசன் கல்லூரியும் அதிலிருந்து முளைத்தன.

தேசிய உணர்வால் எழுந்த பள்ளி தன் பெயரிலேயே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டது வியப்பளிக்கலாம். சிப்ளூண்கரின் வாழ்க்கையைப் பார்த்தால் வியப்பு குறையும். அவருடைய தந்தை கிருஷ்ண சாஸ்திரி, சாமுவேல் ஜான்சனின் ‘ராசெலஸ்’ கதையை மராத்தியில் பெயர்க்கத் தொடங்க, மகன் அதை முடித்தார். 1874 முதல் அவர் நடத்திய ‘நிபந்தமாலா’ மாத இதழ், மராத்தி உரைநடையில் கட்டுரை என்ற வடிவத்தை நிலைநிறுத்தியது. அதன் வாக்கிய அமைப்பில் ஜான்சனையும் மெக்காலேயையும் ஊன்றிப் படித்த தடம் தெளிவாகத் தெரியும். ஆங்கில ஆட்சியைக் கடுமையாகச் சாடிய அந்த இதழ், ஆங்கில உரைநடையின் முறுக்கைத் தன் மொழிக்குரியதாக ஆக்கிக்கொண்டது. செவ்விலக்கியத்தை அவர் தேர்வுக்காகப் படிக்கவில்லை. தம் மொழியில் எழுதுவதற்காகப் படித்தார். படித்ததைக்கொண்டு ஒன்றைச் செய்யவேண்டும் என்ற தேவை இருந்தபோது வாசிப்பின் இயல்பே மாறிற்று.

அதே பள்ளியில் 1885இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்த கோபால கிருஷ்ண கோகலேவைப் பற்றி அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறும் செய்தி ஒன்று உண்டு. சவுத்தி எழுதிய நெல்சன் வரலாற்றைப் பாடம் நடத்தவேண்டி வந்தபோது, அதில் நிறைந்துகிடக்கும் கப்பல் துறைச் சொற்களைப் புரிந்துகொள்ள அவர் பம்பாய்த் துறைமுகத்துக்குச் சென்று கப்பல்களை நேரில் பார்த்தார் என்பார்கள். பாய்மரத்தின் உறுப்புகளுக்கு அகராதியில் பொருள் இருக்கவே செய்தது. ஆனால் தக்காண பீடபூமியின் மாணவருக்கு அச்சொற்களை விளக்க அகராதிச் சொல்லை இன்னொரு சொல்லால் பெயர்ப்பது போதாது. ஆசிரியரேனும் பொருளைக் கண்ணால் கண்டிருக்கவேண்டும். உரைக்குறிப்பு எங்கே போதாமல் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

3. சிறையில் ஒரு டென்மார்க் இளவரசன்

கோல்ஹாப்பூர் சமஸ்தான விவகாரம் குறித்துக் ‘கேசரி’யிலும் ‘மராட்டா’விலும் வெளிவந்த எழுத்துகளுக்காக, 1882இல் திலகரும் அகர்கரும் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டு, பம்பாய் டோங்கிரி சிறையில் 101 நாட்கள் இருந்தனர். அந்நாட்களைப் பற்றி அகர்கர் பின்னர் தனி நூலே எழுதினார். ஹாம்லெட்டை மராத்தியில் பெயர்க்கும் பணியில் அவர் ஈடுபட்டதும் அச்சிறைவாசத்தின்போதே என்பது மராத்தி இலக்கிய வரலாறுகள் தரும் செய்தி. ‘விகாரவிலசித’ என்ற தலைப்பில் 1883இல் அது வெளிவந்தது.

தலைப்பைத் தமிழ்க்காதுடன் கேட்பவர் தடுமாறக்கூடும். தமிழில் விகாரம் என்றால் பெரும்பாலும் அருவருப்பான தோற்றம். இலக்கண வழக்கில் எழுத்தின் மாறுபாடு. மராத்தியில் அச்சொல் மனத்தைப் பிடித்தாட்டும் உணர்ச்சியையும் குறிக்கும். எனவே ‘விகாரவிலசித’ என்பது உணர்ச்சிகளின் விளையாட்டு. டென்மார்க் இளவரசன் அதில் சந்திரசேனன். பெயரை ஒலிபெயர்க்காமல் பண்பாட்டைப் பெயர்த்ததால், தந்தையைக் கொன்றவன் அரியணையில் அமர்ந்திருக்கும்போது அறிவுள்ள ஓர் இளைஞன் என்ன செய்யவேண்டும் என்ற வினா மட்டும் மிஞ்சியது. பகுத்தறிவே வழிகாட்டி என்று வாதிட்ட அகர்கர், தயங்கித் தயங்கிச் சிந்திக்கும் ஒரு நாயகனைத் தேர்ந்ததில் பொருத்தம் இருக்கிறது.

இம்முயற்சி தனித்து நின்றதன்று. மகாதேவ சாஸ்திரி கொல்ஹட்கரின் ‘ஒதெல்லோ’ 1867இலேயே அச்சேறியிருந்தது. 1870களின் இறுதியில் புணேயில் கற்றவர்கள் கூடி நடத்திய ஆர்யோத்தாரக் நாடக மண்டலி அதை மேடையேற்றியது. கோவிந்த் பல்லால் தேவல் அதே நாடகத்தை ‘ஜுஞ்ஜாரராவ்’ என்று 1890இல் மீண்டும் ஆக்கினார். ஃபெர்குசன் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வாசுதேவ் பாலகிருஷ்ண கேல்கர், அடங்காப்பிடாரியை அடக்கும் ஷேக்ஸ்பியரின் இன்ப நாடகத்தை 1890களின் தொடக்கத்தில் ‘த்ராடிகா’ ஆக்கினார். த்ராடிகா வேறு யாருமல்லள், இராமாயணத்துத் தாடகை. ஒரு பெயரை மாற்றியதன் மூலம் பாத்திரத்தின் முழுக் குணமும் முதல் காட்சிக்கு முன்பே பார்வையாளருக்கு எட்டியது. அடங்காத பெண்ணை அரக்கியாகக் காணும் மனப்பான்மையும் கூடவே வந்து சேர்ந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இந்நாடகங்களுக்கு உயிர் கொடுத்தவர் சாகுநகர்வாசி நாடக மண்டலியின் கணபதராவ் ஜோஷி. கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் பயின்றவரல்லர். ஆயினும் மராத்தி மேடையில் ஹாம்லெட் என்றால் அவர் முகமே என்றாயிற்று. பேராசிரியர் கேல்கர் அம்மண்டலிக்கு ஒத்திகையில் வழிகாட்டினார். பகலில் வகுப்பறையில் ஷேக்ஸ்பியரை விளக்கிய மனிதரின் புரிதல், இரவில் நாடகக் கொட்டகையில் கணபதராவின் குரலில் வெளிப்பட்டது. கல்லூரிக்கும் கொட்டகைக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம் வேறெங்கும் எளிதில் வாய்க்கவில்லை.

மொழியியல் நோக்கில் இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். அயல்மொழிச் செவ்விலக்கியம் மாணவருக்கு மூன்று தளங்களில் எதிர்ப்புக் காட்டுகிறது. முதலாவது சொல்: வழக்கொழிந்த சொற்கள், பொருள் மாறிய சொற்கள். இரண்டாவது தொடரமைப்பு: செய்யுளுக்காக முன்பின்னாக்கப்பட்ட வாக்கியம், யாப்பின் நிறுத்தம், யார் யாரிடம் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பது. மூன்றாவது உலகம்: மன்னராட்சி, மணவுறவு, ஆவி, பழிவாங்கும் கடமை ஆகியவை பற்றிப் படைப்பு சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் நம்பிக்கைகள். செல்பியும் டெய்டனும் முதல் தளத்தைக் கடக்க உதவினர். அகர்கரும் கேல்கரும் மூன்றாவது தளத்தைக் கடக்கப் பாலமிட்டனர். கணபதராவ் ஜோஷியின் குரலும் உடலும் இரண்டாவதைத் தாண்டவைத்தன. சிக்கலான வாக்கியத்தின் பொருள் நடிகரின் மூச்சு எங்கே நிற்கிறது என்பதில் விளங்கிவிடும். மூன்றும் ஒரே நகரத்தில், ஒரே பத்தாண்டில் கிடைத்தன. ஆனால் பாடத்திட்டம் முதலாவதை மட்டுமே தனதென ஏற்றது. மற்ற இரண்டும் பள்ளி மணி அடித்தபின் நடக்கும் பொழுதுபோக்காகவே கருதப்பட்டன.

4. வகுப்பறைக்கு வெளியே நின்றவர்கள்

இதுவரை சொன்ன வரலாறு பெரும்பாலும் புணேயின் பார்ப்பன ஆண்களின் வரலாறு. அதே நகரத்தில் வேறு வகை வாசகர்களும் இருந்தனர். ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் பயின்ற ஜோதிராவ் பூலே, 1847 வாக்கில் நண்பர்களுடன் தாமஸ் பெயினின் ‘மனித உரிமைகள்’ நூலைப் படித்தார். யாரும் அதைத் தேர்வுக்கு வைக்கவில்லை. மறு ஆண்டே அவரும் சாவித்திரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். 1873இல் வெளிவந்த ‘குலாம்கிரி’யின் முகப்பில், அடிமைத்தனம் பற்றி ஹோமர் கூறிய கருத்தொன்று இடம்பெற்றது. ஐரோப்பியச் செவ்விலக்கியத்தின் மூத்த கவிஞர், சாதி அடிமைத்தனத்துக்கு எதிரான ஒரு மராத்தி நூலுக்குச் சாட்சியாக வந்து நின்றார். சாவித்திரிபாய் ஆங்கிலக் கல்வியைப் போற்றிக் கவிதையே எழுதினார். அந்தப் பூலேவைத்தான் சிப்ளூண்கர் தம் ‘நிபந்தமாலா’வில் ஏளனம் செய்தார் என்பதையும் இதனோடு சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.

நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடேயின் மனைவி ரமாபாய், திருமணத்துக்குப் பின்னரே எழுத்தறிந்தவர். 1910இல் வெளியான அவர் தன்வரலாறு, கணவரிடமும் பின்னர் ஆங்கிலப் பெண்மணி ஒருவரிடமும் அவர் ஆங்கிலம் கற்றதையும், அதற்காக வீட்டுப் பெண்களின் ஏச்சையும் ஏளனத்தையும் நாள்தோறும் தாங்கியதையும் பதிவு செய்கிறது. 1884இல் ஹுஜூர்பாகாவில் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி எழுந்தபோது, பெண்களுக்கு ஆங்கிலக் கல்வியா என்று திலகரின் ‘மராட்டா’ எதிர்த்தது. இளைஞர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பள்ளி கண்டவரே இளம்பெண்களுக்கு அதை மறுத்தார்.

இவர்களை ‘வாசிக்கத் தூண்ட’ வேண்டிய தேவை எழவில்லை. மறுக்கப்பட்ட நூல் தானே தூண்டியது. வாசிப்பின் இன்பம் பற்றிய இன்றைய பேச்சுகள் பலவற்றில் விடுபட்டுப்போவது இதுவே. இன்பம் என்பது எளிமையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. அந்த நூலில் தனக்கு என்ன இருக்கிறது என்று வாசகர் அறிந்திருப்பதிலிருந்தும் பிறக்கிறது. பூலேவுக்குப் பெயின் எளிய எழுத்தாளரல்லர், தேவையான எழுத்தாளர்.

5. தமிழகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

புணேயில் நடந்தது சென்னையிலும் வேறு வடிவில் நடந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, வழக்கறிஞர்களும் அலுவலர்களுமாகக் கற்றவர்கள் நடித்த அமைப்பு. அங்கே ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனார், வெனிஸ் நகர வணிகர் ‘வாணீபுர வணிகன்’, மாக்பெத் ‘மகபதி’. அகர்கர் பெயரின் ஒலியைக் கைவிட்டுப் பண்பாட்டைப் பற்றினார். சம்பந்த முதலியாரோ ஒலியையும் விடாமல் பண்பாட்டையும் விடாமல் பெயரிட்டார். ஹாம்லெட் என்று பாடப்புத்தகத்தில் படித்த மாணவர், அமலாதித்யன் என்று கேட்டவுடன் உள்ளே மூலத்தின் ஓசையைக் கண்டு புன்னகைத்திருப்பார். அச்சிறு புன்னகை கற்பித்தலில் பெரிய செய்தி. இரண்டு மொழிகளையும் ஒருசேரத் தலையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே அது கிட்டும்.

இரு நகரங்களையும் இணைத்த மனிதர் ஒருவரும் உண்டு. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, கோகலே 1905இல் புணேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907இல் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். ஆங்கிலப் பேச்சாற்றலுக்காக உலகறிந்த அவர், முதுமையில் சென்னையில் வால்மீகி இராமாயணம் குறித்து ஆற்றிய தொடர் சொற்பொழிவுகளையும் ஆங்கிலத்திலேயே நிகழ்த்தினார். ஒரு மொழியின் செவ்விலக்கியத்தில் தோய்ந்தவருக்கு மற்றொன்றின் செவ்விலக்கியம் போட்டியாளன் அன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

6. இன்றைய பாடநூலில்

மகாராஷ்டிர மாநிலப் பாடநூல்களைத் தயாரிக்கும் ‘பாலபாரதி’ நிறுவனம் 1967 முதல் புணேயில் இயங்குகிறது. 2019இல் வெளிவந்த அதன் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் நாடகத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு. ஆங்கில நாடக வரலாறு, லேடி கிரிகரியின் நாடகம் ஒன்று, ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவு, இப்சனின் ‘மக்கள் பகைவன்’ ஆகியவற்றின் பகுதிகள் அதில் இடம்பெறுகின்றன. தேர்வு நல்ல தேர்வு. ஊர்க் குளியல்நீர் நச்சாகிவிட்டது என்று உண்மை சொன்ன மருத்துவரை ஊரே பகைக்கும் இப்சனின் கதை, இந்திய மாணவர் எவருக்கும் அயலானதன்று. சத்யஜித் ராய் 1989இல் அதை வங்காளத்துக் கோயில் தீர்த்தமாக்கிப் படமெடுத்தார்.

ஆனால் நாடகப் பகுதி அச்சில் இருப்பதனால் மட்டும் நாடகம் வகுப்பறைக்குள் வந்துவிடாது. கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு, கருப்பொருள் என்று தேர்வு பிரித்துக் கேட்கும்வரை, ஆசிரியரும் பிரித்தே கற்பிப்பார். மாணவரும் பிரித்தே மனனம் செய்வார். செல்பி காலத்து ஏற்பாடு பெயர் மாறித் தொடரும். இத்தனைக்கும் புணேயின் கல்லூரி மாணவர்கள் 1963 முதல் ‘புருஷோத்தம் கரண்டக்’ ஓரங்க நாடகப் போட்டிக்காக ஆண்டுதோறும் இராப்பகலாக ஒத்திகை பார்த்து வருகிறார்கள். நாடகத்தின்மீது இளைஞருக்கு ஆர்வமில்லை என்று அந்நகரில் யாரும் சொல்ல முடியாது. ஆர்வம் கல்லூரி அரங்கில் இருக்கிறது. ஆங்கில வகுப்பறை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. இடையிலுள்ள கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

1880களின் புணே தரும் பாடங்கள் நடைமுறைக்கு எட்டாதவை அல்ல. குறிப்பை விளக்கும் முன் காட்சியைக் குரலெடுத்துப் படிக்கச் செய்யலாம். ஒரு காட்சியைத் தாய்மொழியில், தம் ஊரில், தம் பெயர்களுடன் எழுதிவரச் செய்யலாம். பெயரை எப்படி மாற்றினீர்கள், எதை மாற்ற முடியவில்லை என்று கேட்டால், அவ்விடையில் மாணவரின் வாசிப்பு முழுவதும் வெளிப்பட்டுவிடும். கடைக் குறிப்புநூலில் அதற்கு விடை கிடைக்காது. நாற்பது நிமிட வகுப்பில் ஒரு காட்சிதான் முடியும் என்றால் ஒரு காட்சி போதும். முழு நாடகத்தின் சுருக்கத்தை அறிந்து மூலத்தின் ஒரு வரியையும் கேளாத மாணவரைவிட, ஒரே காட்சியை மூன்று வகையாகப் பேசிப் பார்த்த மாணவர் செவ்விலக்கியத்துக்கு நெருக்கமானவர்.

தாய்மொழியை உள்ளே விட்டால் ஆங்கிலம் கெடும் என்ற அச்சம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அவ்வச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. ஹாம்லெட்டை மராத்தியில் எழுதிய அகர்கர் 1892 முதல் 1895இல் இறக்கும்வரை ஃபெர்குசன் கல்லூரியின் முதல்வராக இருந்தார். தாடகையை மேடையேற்றிய கேல்கர் அங்கே ஆங்கிலமே கற்பித்தார். இருவரும் தம் மொழியில் மறுபடி எழுதும் அளவுக்கு ஷேக்ஸ்பியரைப் படித்திருந்தார்கள். மாணவரிடம் எதிர்பார்க்கவேண்டிய ஆழமும் அதுவே.